அரியலூருக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த இபோக்காரர்

திருச்சியில் வந்து இறங்கியபோது சுக்வுமாவிடம் இரண்டு பைகள் இருந்தன. பெரிய பையில் லூதியானாவில் வாங்கிய சைக்கிள் உதிரிபாகங்கள். சின்னப் பையில், ஈரத்துணியில் சுற்றி, அவருடைய அம்மா கொடுத்தனுப்பிய ஒரே ஒரு கோலாக் கொட்டை, நம் பாக்கு மாதிரி அங்கே மெல்லுவது. பெரிய பையை எங்கள் வீட்டுப் பரணில் ஏற்றிவிட்டார். சின்னப் பையைத் தோளைவிட்டு இறக்கவே இல்லை.

கிழக்கு நைஜீரியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் சில வருடங்கள் பௌதிகம் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒப்பந்தம் முடிந்து நான் ஊர் திரும்பியிருந்த சமயம் அது. அந்தப் பக்கத்து மக்கள் இபோக்கள். அங்கே என்னோடு வேதியியல் ஆசிரியராக இருந்த, இன்னும் அங்கேயே இருக்கும் செல்வராஜ் கீழப்பழுவூருக்கு அடுத்த ஒரு ஊர்க்காரன். பக்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த ங்கோசி என்ற இபோப் பெண்ணுக்கும் அவனுக்கும் பிடித்துப்போய்விட்டது. ங்கோசியின் அண்ணன்தான் சுக்வுமா. தகப்பன் இல்லாத குடும்பம். அதனால் அண்ணன் வாக்குதான் அங்கே வாக்கு.

பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையின் சொந்த ஊருக்கே போய், அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு வருவது இபோக்களின் வழக்கம். மாப்பிள்ளையின் ஊர் கடல் தாண்டி இருந்தால்? தாண்டித்தான் ஆகவேண்டும். சைக்கிள் சாமான் வியாபாரத்துக்காக இந்தியா வந்தவர், இந்த வேலையையும் கையோடு முடித்துக்கொண்டு போக வந்துவிட்டார். விசாரித்ததில் திருப்தி என்றால் அந்தக் கோலாக் கொட்டையை மாப்பிள்ளை வீட்டில் பிளந்து எல்லாரும் தின்பார்கள். இல்லையென்றால் அது முழுசாகத் திரும்பிப் போகும். கல்யாணப் பேச்சும் அதோடு சரி.

மொழிபெயர்க்க நான். "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிறே" என்றார் என் வீட்டுக்காரர். அவர் சொன்னதில் தப்பில்லை. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு சமூகத்தார் அந்த வாரம் சாலை மறியல் அறிவித்திருந்தார்கள். அதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. நான் நைஜீரியாவிலிருந்து கிளம்பிய அன்றே செல்வராஜ் சொல்லியிருந்தான்: "டீச்சர், அவங்க கட்டாயம் வந்து விசாரிப்பாங்க. நீங்க எதையும் மறைக்க வேணாம். அதுக்காக முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கிட்டு நீங்களா சொல்லவும் வேணாம்."

செல்வராஜின் வீடு ஊருக்குள் இல்லை. காலனியில் இருந்தது. கேட்டால் சொல்வது, கேட்காவிட்டால் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு பஸ் ஏறினேன்.

முதல் நாள் பெரம்பலூர். செல்வராஜின் தாய்மாமன் அங்கே இருந்தார். தாய்வழியையும் விசாரிக்காமல் இபோக்கள் பெண் கொடுக்க மாட்டார்களாம். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. இதற்கா ஆப்பிரிக்கா வரைக்கும் போய்வந்தோம் என்றிருந்தது.

பஸ்ஸில் எல்லாக் கண்ணும் எங்கள் மேல்தான். கண்டக்டர் டிக்கெட் கொடுக்கும் சாக்கில் இரண்டு தடவை வந்து, "சார் வெஸ்ட் இண்டீஸ் டீமா?" என்று கேட்டார். இல்லை என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. முன் சீட்டில் சின்ன வெங்காய மூட்டையோடு இருந்த அம்மாள் திரும்பியே உட்கார்ந்துகொண்டார்.

"பேரு என்னம்மா இவருக்கு?"

"சுக்வுமா."

"சுக்கா? நல்ல பேருதான். வயித்துக்கு நல்லது. எதுக்கு வந்திருக்காரு?"

"தங்கச்சிக்கு மாப்பிள்ளை வீடு பாக்க வந்திருக்காரு."

"அடியாத்தே! அவங்க ஊருல ஆம்பளையே இல்லியா?" என்று வாயைப் பொத்திக்கொண்டவர், உடனே முகத்தை நேராக வைத்துக்கொண்டு, "வெசாரிக்காம குடுத்துடாதீங்க தம்பி. என் நாத்தனா மவள அப்புடித்தான் குடுத்து, இப்ப வூட்டோட வந்து கெடக்கு" என்றார். நான் மொழிபெயர்த்ததும் சுக்வுமா விழுந்து விழுந்து சிரித்தார். "இந்த அம்மாள் எங்கள் ஊர்க்காரிதான், சந்தேகமே இல்லை" என்றார். அந்த அம்மாள் விடவில்லை. 'தங்கச்சி', 'மாப்பிள்ளை' என்ற இரண்டு வார்த்தைகளையும் அவர் வாயில் ஏற்றிவிட்டுத்தான் ஓய்ந்தார். 'தாங்காச்சி' என்றார் சுக்வுமா. பஸ்ஸே கைதட்டியது.

பிறகு அந்த அம்மாளின் பார்வை என் பக்கம் திரும்பியது. "நீங்க எந்த ஊரும்மா?"

"திருச்சி."

"திருச்சியில எந்தத் தெரு?"

நம் பக்கத்தில் யாரும் வெடுக்கென்று 'நீ என்ன ஜாதி' என்று கேட்டுவிடுவதில்லை. மரியாதை தெரிந்தவர்கள் தெருவைக் கேட்பார்கள். தெரு தெரிந்துவிட்டால் மீதியெல்லாம் தானே தெரிந்துவிடும். நான் சொன்னேன். அந்த அம்மாளுக்குத் திருப்தி. எனக்கு ஒரு வெங்காயக் கொத்தும் கிடைத்தது. சுக்வுமா இதை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

தாய்மாமன் கலியமூர்த்தி அரிசி மில்லில் ஃபிட்டர். வீட்டில் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் செய்து வைத்திருந்தார்கள். வெளிநாட்டுக்காரருக்குக் களியா என்று மாமன் மனைவிக்கு ஒரே கூச்சம். சுக்வுமாவோ களியைப் பார்த்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பிய்த்து, உருட்டி, கட்டைவிரலால் குழித்து, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கினார். அவர்கள் ஊரிலும் மரவள்ளிக் கிழங்கில் இதே மாதிரி கிண்டி, உலர்ந்த மீன் போட்ட குழம்போடு இப்படித்தான் விழுங்குவார்கள். "எலேய், பல்லு படாம முழுங்குறாரு பாரு, நம்மாளு!" என்று மாமன் துள்ளினார். நம்மாளு என்ற வார்த்தை மட்டும் என்னை உறுத்தியது.

கை கழுவியதும் விசாரணை. குடும்பத்தில் குஷ்டம் உண்டா? பைத்தியம்? திருட்டு, கொலை? மாமன் ஒவ்வொன்றுக்கும் நெஞ்சை நிமிர்த்தி இல்லை இல்லை என்றார். கள்ளச்சாராயம் குடித்துக் கிணற்றில் விழுந்த ஒரு சித்தப்பாவை மட்டும் ஒப்புக்கொண்டார். "எங்கள் குடும்பத்திலும் ஒருவர் உண்டு" என்றார் சுக்வுமா.

"இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது" என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். "அதைத் தகப்பன் வீட்டில்தான் கேட்க வேண்டும்."

"என்ன கேள்வி?"

"அவர்கள் சுதந்திரமாகப் பிறந்தவர்களா, அல்லது முன்னோர் யாருக்காவது உடைமையாக இருந்தவர்களா என்று. என் அம்மாவுக்கு மற்றதெல்லாம் இரண்டாம்பட்சம்."

வாசலில் செருப்பு மாட்டும்போது மாமன் என் பக்கத்தில் வந்து நின்றார். "டீச்சரம்மா, சொல்லிட்டீங்களா?"

"அவரு கேக்கல."

"கேட்டா?"

"கேட்டா சொல்லிடுவேன்."

அவர் தலையைச் சொறிந்தார். "எங்க அக்கா அந்தப் பொண்ணு போட்டோவ அரிசிப் பானைக்கு மேல மாட்டி வச்சிருக்கு. தெனமும் அரிசி அள்ளும்போது அது மூஞ்சியத்தான் பாக்குது. அதையும் மனசுல வச்சுக்குங்க" என்றார். அந்தப் போட்டோ எனக்குத் தெரியும். அங்கே எடுத்துக் கொடுத்தவளே நான்தான்.

இரண்டாம் நாள் அரியலூருக்குக் கிளம்பினோம். பெரம்பலூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே பஸ் நின்றுவிட்டது. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரம், காய்களோடு, வெட்டுண்டு கிடந்தது. அதற்கு அப்பால் இன்னொன்று. டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி திரும்புது, எறங்குறவங்க எறங்கிக்கலாம்" என்றார். நாங்கள் இறங்கினோம். வந்த காரியம் அப்படி.

அரிவாளும் கோடாலியுமாக இளவட்டங்கள் மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். எங்களை ஒன்றும் சொல்லவில்லை. சுக்வுமாவின் நடைதான் மாறிவிட்டது. முதுகு விறைத்து, பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தார். அப்படி நடக்க அவர் எங்கேயோ பழகியிருந்தார்.

ஒரு சுண்ணாம்புக்கல் லாரி குறுக்குப் பாதையில் வந்து எங்களை ஏற்றிக்கொண்டது. முன்னால் 'கடவுள் துணை' என்று எழுதியிருந்தது. நைஜீரிய லாரிகளில் 'எந்த நிலையும் நிரந்தரமில்லை' என்று எழுதியிருப்பார்கள். இரண்டு நாட்டு ரோட்டிலும் இரண்டும் தேவைப்படுகிறது.

மரம் ஏன் வெட்டுகிறார்கள் என்று கேட்டார். எங்கள் ஜனத்தொகைக்குத் தக்க பங்கு கொடு என்று கேட்கிறார்கள், கேட்பதில் நியாயமும் இருக்கிறது, ஆனால் எல்லாக் கூட்டத்தாரும் தங்கள் எண்ணிக்கையைக் கூட்டித்தான் சொல்வார்கள் என்றேன். சுக்வுமா ரொம்ப நேரம் கழித்து முதல்தடவையாகச் சிரித்தார். "எங்கள் நாட்டில் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தார்கள். ஒவ்வொரு பிரதேசமும் தன் தலைகளை ஏற்றிச் சொன்னது. கடைசியில் கணக்கையே ரத்து செய்துவிட்டார்கள். நாங்கள் எத்தனை பேர் என்று எங்கள் நாட்டில் யாருக்கும் தெரியாது. யார் யார் என்று மட்டும் எல்லாருக்கும் தெரியும்."

அரியலூர் லாட்ஜில் இவரைப் பார்த்ததும் இடமில்லை என்றார்கள். நான் போட்ட சத்தத்தில் இரண்டு அறை காலியாகிவிட்டது. சாயங்காலம் பரோட்டா சாப்பிட்டுவிட்டு லாட்ஜ் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது அவராகவே கானோவைப் பற்றிச் சொன்னார்.

கானோ வடக்கே இருக்கிற பெரிய ஊர். சுக்வுமாவின் அப்பா அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தார். தெற்கிலிருந்து பிழைக்கப் போன இபோக்கள் பழைய ஊரின் கோட்டை மதிலுக்கு வெளியேதான் குடியிருக்க வேண்டும். அந்தப் பகுதிக்கு சபோன் கரி என்று பெயர். அறுபத்தாறில் கலவரம் மூண்டு, வடக்கத்தியார் இபோக்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். அப்பாவின் உயிர் கடை வாசலிலேயே போனது. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையனான சுக்வுமாவும் அம்மாவும் கைக்குழந்தையான ங்கோசியும் எப்படியோ ஒரு ரயிலில் ஏறினார்கள். "ரயிலை நிறுத்தி, பெட்டி பெட்டியாக ஏறி, நீ யார், எந்த ஊர் என்று கேட்டார்கள். பதில் பிடிக்காவிட்டால் இறக்கினார்கள். எங்களைச் சீட்டுக்கு அடியில் தள்ளி, மேலே துணி மூட்டையைப் போட்டு உட்கார்ந்துகொண்டது பக்கத்துத் தெருத் தையற்காரர். வடக்கத்தியார் மொழியில் பேசியே அவர் தப்பித்தார். ங்கோசிக்கு ஜுரம். அவர் வைத்திருந்த தண்ணீர்தான் அவளை ஊர் கொண்டுவந்து சேர்த்தது." அதற்குப் பிறகு நாலு வருடத்துக்குள் போர், பசி, தோல்வி.

லாட்ஜ் பையன்கள் கீழே பேசிக்கொண்டது காதில் விழுந்தது. கிழக்கே ஒரு காலனியில் குடிசைகளைக் கொளுத்திவிட்டார்களாம். எந்த ஊர் என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

மூன்றாம் நாள் பஸ்ஸே இல்லை. வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்தோம். சுக்வுமா அதன் செயினைத் தொட்டுப் பார்த்து, முகம் சுளித்து, கடைக்காரரிடம் ஸ்பேனரை வாங்கி அவரே இறுக்கினார். எனக்கோ சைக்கிள் ஓட்டத் தெரியாது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல், பட்டுக்கரைச் சேலையோடு, ஒரு நைஜீரியாக்காரர் ஓட்டும் சைக்கிளின் கேரியரில் உட்கார்ந்து நான் அரியலூர்க் கடைவீதியைக் கடந்தேன். பார்க்காதவர்கள் கண் தெரியாதவர்களாக இருக்க வேண்டும். "போரில் அம்மாவையும் இப்படித்தான் பின்னால் வைத்துச் சைக்கிள் மிதித்தேன். அம்மா உங்களைவிடக் கனம் குறைவு" என்றார் மூச்சு வாங்க.

கீழப்பழுவூர் நெருங்கும்போது மறுபடி மரம். இங்கே ஆள் அதிகம். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எழுந்து வந்தார்.

"எங்கம்மா இந்த நேரத்துல?"

ஊர்ப் பேரைச் சொன்னேன்.

"அங்க எந்தத் தெரு?"

பஸ்ஸில் வெங்காயம் கொடுத்த அம்மாள் கேட்ட அதே கேள்விதான். ஆனால் இவருக்குப் பின்னால் இருபது பேர் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். லாட்ஜில் கேட்ட பேச்சு எனக்கு ஞாபகம் வந்தது.

"தெருவுக்கெல்லாம் இல்லீங்க. இவரு வெளிநாட்டுக்காரரு. பழுவூர்ல கோயில் பாக்கணும்னாரு."

"இன்னிக்கா? நல்ல நாள் பாத்தாரு போங்க" என்று சிரித்தார். இறுக்கம் தளர்ந்தது. இரண்டு பேர் வந்து சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். ஒருவர் சுக்வுமாவுக்கு மோர்கூடக் கொடுத்தார். நல்ல மனிதர்கள்தான், தெரு தெரியாதவரை.

கொஞ்ச தூரம் மிதித்துவிட்டு சுக்வுமா கேட்டார்: "அவர் என்ன கேட்டார்?"

"எந்தத் தெரு என்று கேட்டார்."

"தெரு எதற்கு?"

"தெருவைச் சொன்னால் ஆள் யார் என்று தெரிந்துவிடும்."

அவர் மிதிப்பது மெதுவாகியது.

ஊர் முகப்பில் டீக்கடை. விசாரணைக்கு வாகான இடம். வீட்டில் விசாரித்தால் உண்மை வராது, கடையில்தான் வரும் என்பது இபோக்களுக்கும் தெரிந்திருக்கிறது. கடைக்காரர் எங்களை உள்ளே உட்காரவைத்து, கண்ணாடி கிளாஸில் டீ கொடுத்தார். வெளியே வேப்பமரத்தடியில், வெளுத்த வேட்டி சட்டையில் ஒரு பெரியவர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தயங்கித் தயங்கி வந்து, கூரைக் கம்பில் ஆணியில் தொங்கிய தகரக் குவளையை எடுத்து, தானே கழுவி, நீட்டினார். கடைக்காரர் கிளாஸ் படாமல் உயரத்திலிருந்து அதில் டீயை ஊற்றினார்.

"செல்வராஜ் வீட்டுக்கா வந்திருக்கீங்க? இதோ நிக்கிறாரே, இவரு மவன்தான்" என்றார் கடைக்காரர். "தங்கமான குடும்பம் சார். ஒரு சொல்லு பேசமாட்டாரு. பையன் படிச்சு மேல வந்துட்டான். என்ன, காலனி. அதுக்கு நாம என்ன பண்றது?"

எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். காலனியையும் சேர்த்து. சுக்வுமா ஆணியையும், குவளையையும், கையிலிருந்த கண்ணாடி கிளாஸையும் பார்த்தார். பாதி டீயோடு கிளாஸைக் கீழே வைத்தார்.

பெரியவர் முன்னால் வழிகாட்டி நடந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாங்கள் பின்னால். தார் ரோடு முடிந்து மண் பாதை வந்தது. இரண்டு வயல் தாண்டித்தான் வீடுகள்.

"சபோன் கரி" என்றார் சுக்வுமா தாழ்ந்த குரலில். பிறகு சொன்னார்: "எங்களிலும் இப்படி உண்டு. அவர்களை ஒசு என்போம். என்றைக்கோ சாமிக்கு நேர்ந்துவிட்ட அடிமைகளின் வம்சம். அவர்களோடு பெண் கொடுத்து எடுப்பதில்லை, அவர்கள் கை பட்ட கோலாவைத் தின்பதில்லை. அந்தத் தையற்காரர் ஒசு."

நான் நின்றுவிட்டேன்.

"ரயிலில் யாரும் எங்களை அப்படிப் பிரித்துக் கேட்கவில்லை. அவர்களுக்கு எல்லாரும் இபோதான். ஊர் வந்து சேர்ந்ததும், அப்பாவுக்குத் துக்கம் கேட்க அவர் ஒரு கோலாக் கொட்டையோடு வந்தார். என் அம்மா அதைப் பிளக்கவிடவில்லை. அவர் அதைத் திரும்ப மடியில் கட்டிக்கொண்டு போனார்."

"கானோவில் உங்களைத் தேடி வந்தவன் கேட்டதும் 'நீ யார்' என்ற இதே கேள்விதானே!" என்று கத்திவிட்டேன். முன்னால் போன பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

"ஆமாம்" என்றார் சுக்வுமா. "தெரிகிறது. தெரிந்தும், இவர்கள் வீட்டில் கோலா பிளந்தேன் என்று என் அம்மா முன்னால் போய் நிற்க என் கால் வராது. அவளிடம் நான் பொய் சொன்னதில்லை." அவர்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அழவேண்டும் போலவும் இருந்தது.

செல்வராஜ் அனுப்பிய காசில் கட்டிய ஓட்டு வீடு. உள்ளே அரிசிப் பானைக்கு மேல், ஜரிகைக் காகிதம் ஒட்டிய சட்டத்தில் ங்கோசி சிரித்துக்கொண்டிருந்தாள். வாசலில் காலனியே கூடிவிட்டது. செல்வராஜின் அம்மா ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டார். ஒல்லியான, கண்கள் மட்டும் துருதுருவென்ற பெண்மணி.

சுக்வுமா முறைப்படி ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்வி வந்தது. சுற்றி வளைக்காமல் மொழிபெயர்த்தேன். "உங்க முன்னோர் யாருக்காவது அடிமையா இருந்தாங்களான்னு கேக்குறாரு."

பெரியவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். "இருந்தாங்க தாயி. எங்கப்பா பண்ணையாளு. நானும் மீசை மொளைக்கிற வரைக்கும் அந்தப் பண்ணையிலதான் கெடந்தேன். எம்மவன் இல்ல. அவன் யாருக்கும் ஆளு இல்லன்னு சொல்லுங்க."

சொன்னேன். சுக்வுமா கண்களை மூடிக்கொண்டார்.

கதவோரத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "டீச்சரம்மா, எங்களப் பத்தி வெசாரிக்க இம்மாந்தூரம் வந்துட்டாரு. இவங்களப் பத்தி நாங்க எந்த டீக்கடையில போயி வெசாரிக்கிறது? நாங்க ஒண்ணும் கேக்கல. அந்தப் பொண்ணு எங்க வூட்டுல தண்ணி வாங்கிக் குடிக்குமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

இதையும் சொன்னேன். சுக்வுமா பையைத் திறந்து, ஈரத்துணியைப் பிரித்து, கோலாக் கொட்டையை உள்ளங்கையில் வைத்து முன்னால் நீட்டினார். என்னைப் பார்த்து, "இதைக் காட்டிச் சொல்லிவிடுங்கள்" என்றார். "என் அம்மா கொடுத்தது, இதை இங்கே பிளக்க எனக்கு அதிகாரம் இல்லை, திரும்பக் கொண்டுபோய் அவளிடம்தான்…"

அவர் முடிக்கவில்லை. நான் வாயைத் திறக்கவும் இல்லை. பெரியவர் எழுந்து, துண்டை இடுப்பில் கட்டி, இரண்டு கையாலும் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெண் வீட்டார் பாக்கைக் கையில் எடுத்து நீட்டினால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். தட்டிலிருந்த பாக்குவெட்டியை எடுத்தார். நறுக் நறுக்கென்று, பழகின கை, கண் இமைப்பதற்குள் அதைச் சீவல் சீவலாக வெட்டி வெற்றிலைமேல் பரப்பிவிட்டார்.

"பொண்ணு வூட்டுல பாக்கு குடுத்துட்டாங்க!" என்று வாசலில் ஒருத்தி குலவை போட்டாள். பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள்.

சுக்வுமா கையை நீட்டியபடியே இருந்தார். கோலாவை வெட்டக் கூடாது. ஆண்டவனை வேண்டி, கையால் பிளந்து, எத்தனை இதழாகப் பிரிகிறது என்று எண்ண வேண்டும். நாலு இதழ் என்றால் சமாதானம், இரண்டு என்றால் தின்னவே கூடாது. அவர் அம்மா முதலில் கேட்கப்போவதே அந்த எண்ணிக்கையைத்தான்.

"நிச்சயம் ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள்" என்றேன் ஆங்கிலத்தில். "நான் எடுத்துச் சொல்லட்டுமா?"

அவர் தட்டையே பார்த்தார். "எத்தனை இதழ் இருந்தது?"

"இனிமேல் யார் எண்ண முடியும்?"

பெரியவர் ஒரு சீவலை எடுத்து நீட்டினார். குலவை நின்று, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுக்வுமா அதை வாங்கினார். வாங்கி, வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, வாயில் போட்டார். பெரியவரும் போட்டுக்கொண்டார். அம்மா ஒன்றை மென்று, "ஆத்தி, என்னா கசப்பு! பொண்ணும் இப்புடித்தானா?" என்றார். மொழிபெயர்த்தேன். சுக்வுமா சிரிக்கவில்லை. தண்ணீர் வேண்டும் என்று சைகை காட்டினார்.

அம்மா ஒரு கணம் கணவர் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே ஓடி, செம்பு நிறையக் கொண்டுவந்தார். சுக்வுமா அதைத் தூக்கி ஊற்றிக்கொள்ளத் தெரியாமல் வாய் வைத்தே குடித்தார். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

திரும்பி வரும்போது காலியான சின்னப் பை ஹேண்டில்பாரில் ஆடிக்கொண்டிருந்தது. மரியாதைக்காகத் தின்றாரா, மனசாரத் தின்றாரா, எனக்குத் தெரியவில்லை. நாளைக்கே ஊர் போய், புரியாமல் வெட்டிவிட்டார்கள், அது கணக்கில்லை என்று அவர் சொல்லலாம். கேட்கவும் பயமாக இருந்தது.

மரத்தருகே அதே வெள்ளைச் சட்டைக்காரர். "கோயிலு பாத்தாச்சா? கோயிலு அந்தப் பக்கமுல்ல இருக்கு. நீங்க இந்தப் பக்கத்துலேருந்துல்ல வரீங்க. எந்தத் தெருவுக்கும்மா போனீங்க?"

"காலனித் தெருவுக்கு" என்றேன்.

சிரிப்பு மறைந்தது. மரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். "அங்க உங்களுக்கு என்ன ஜோலி?"

கேரியரிலிருந்து இறங்கி, கேட்டதை அப்படியே சுக்வுமாவுக்கு மொழிபெயர்த்தேன். என்ன சொல்லலாம் என்று நான் யோசிப்பதற்குள் அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு முன்னால் வந்தார். இந்தத் தடவை அந்த ஆளின் முகத்தை நேராகப் பார்த்தார். தன் நெஞ்சில் கையை வைத்து, "தாங்காச்சி" என்றார். பிறகு நாங்கள் வந்த மண் பாதையின் பக்கம் கையை நீட்டி, "மாப்பிள்ளை" என்றார்.

வெள்ளைச் சட்டைக்காரர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஓரடி விலகி நின்றார். காலையில் சைக்கிளைத் தூக்கிவிட்டவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். முன்சக்கரத்தை அவரும் பின்சக்கரத்தை நானும் பிடித்து, நாங்களே தூக்கி அந்தப் பக்கம் வைத்தோம்.